றிபாஸின் முன்னங்கை

இரவு ஒன்பதுக்கே றிபாஸ் படுத்துவிடுவான்.
இரண்டு மணிக்கு பேக்கரியில் மா குழைக்க வேண்டும்.
எனக்கு வேலை தொடங்குவதே அப்போதுதான்:
காணி அனுமதிப் பத்திரங்கள்,
சிங்களத்திலிருந்து தமிழுக்கு,
பக்கத்துக்கு நூற்றைம்பது ரூபாய்.

கல்முனையில், ஹாட்வெயார் கடைக்கு மேலே
ஒற்றை அறை.
மடிக்கணினியும் ஒன்றுதான், பாதிப் பாதிக் காசு.
அதற்குள் இரண்டு குடித்தனம்:
அவனுக்கு விண்டோஸ், கிரிக்கெட் பார்க்க.
எனக்கு உபுண்டு. இரண்டு பாஷையின் எழுத்தும்
அதில்தான் உடையாமல் நிற்கும்.

அவன் பக்கத்தில் விசை சொன்னபடி கேட்டது.
என் பக்கத்தில்
சூரியன் படம் போட்ட விசையை அழுத்தினால்
திரையில் ஒரு கோடு வந்து
பணிவாகக் குறையும், குறையும், குறையும்.
வெளிச்சம் மட்டும் அசையாது.
விற்றவனிடம் கேட்டால்
"விண்டோஸ்ல வேல செய்யிதுதானே, மறுகா என்ன?"

அந்த வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி
நேரே றிபாஸின் இமையில் விழும்.
அவன் ஏசவில்லை. ஒருநாள்
தன் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து
நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினான்,
பாண் ஆட்டோ கவிழ்ந்த அன்று எடுத்தது.
"இருட்டா இரிக்கும், இத வெச்சிப் பாரு."

மூன்று மாதம் அவன் முன்னங்கைக்குள்ளால் வாசித்தேன்.
ஒரு காணியின் வடக்கு எல்லை
முழங்கையருகே தொடங்கி வெடிப்பில் முடியும்.
மணிக்கட்டின் சின்ன எலும்புகளுக்குள்
பேர்ச்சஸ் எண்கள் தொலையும்.
ஒருமுறை பதினெட்டைப் பதின்மூன்றாக வாசித்து
யாரோ ஒரு மனுஷியின் ஐந்து பேர்ச்சஸைத் தின்றுவிட்டேன்.
காரியாலயத்தில் பிடித்தார்கள். காசும் வெட்டினார்கள்.
அன்றிரவு எக்ஸ்ரேயை உரித்தேன்.

தேடிப்போனதில் தெரிந்தது:
உள்ளே, வெளிச்சத்துக்கென்று இரண்டு கோப்புறைகள்.
ஒன்றில் உண்மையான கம்பி.
மற்றது வெறும் பெயர்ப்பலகை.
விசை இத்தனை நாளும்
ஆளில்லாத வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறது.

சரியான கோப்பைக் கண்டுபிடித்தேன்.
உச்சம் தொள்ளாயிரத்து முப்பத்தேழு.
எவ்வளவுதான் இறங்கும் பார்ப்போம் என்று
பூச்சியம் எழுதினேன்.

திரை போனது.
மங்கவில்லை, போனது.
கணினியின் மூச்சு கேட்கிறது.
ரோட்டில் மட்டக்களப்புக்குப் போகும் லொறி ஒன்று.
கடவுச்சொல்லை எப்போதும்
எழுத்துத் தெரியாமல்தானே தட்டுகிறோம்,
அதுபோல முழுக் கட்டளையையும் தட்டினேன்.
ஒன்றுமில்லை. மறுபடியும். ஒன்றுமில்லை.

"கறண்ட் போய்ட்டா?"
"இல்ல, நான்தான் அணைச்சிட்டன்."
"மறுகா போடன்."
"போடத்தான் ஏலாமக் கிடக்கு."

எழும்பி வந்து
போன் டோர்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்தான்.
எழுத்துகள் அங்கேயேதான் இருந்தன,
மாவில் விரலால் கீறியதுபோல மங்கலாக.
நான் குருட்டில் அடித்ததெல்லாம், வரிவரியாக.
அவனுக்கு அந்தப் பாஷை தெரியாது.
எண்ணினான்.
"மேல அஞ்சு சாய்கோடு. கீழ எல்லாத்துலயும் நாலு."

ஐந்தாவதைப் போட்டேன். நாற்பது என்றேன்.
அறை மெல்லத் திரும்பி வந்தது:
கொடியில் சாரம், தண்ணீர்ப் போத்தல், அவன் தாடை.

மிச்சம் ஒரு சொல்தான்,
தொடக்கக் கோப்பில், மேற்கோள் குறிக்குள்: நேட்டிவ்.
படிவத்தில் வந்திருந்தால்
சொந்த இடம் என்று போட்டிருப்பேன்.
மூடித் திறந்தேன்.
கறுப்பில் இரண்டு பெயர்கள், பத்து விநாடி அவகாசம்.
என்னுடையதைத் தெரிந்து, காத்திருந்து,
விசையை அழுத்தினேன். கோடு குறைந்தது.
கூடவே வெளிச்சமும்.

"பாத்தியா" என்று திரும்பினால்
றிபாஸ் சேட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தான்.
ஒன்று ஐம்பது.
"நாளைக்குப் பாப்பம்."

படியில் செருப்பு. பிறகு சைக்கிள்.
தரையில் கிடந்த எக்ஸ்ரேயை எடுத்தேன்.
வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றித்
திரையோடு சேர்த்துப் பிடித்தேன்.
வெடிப்பு
நான் நினைத்திருந்ததைவிட நீளம்.
இந்தக் கையாலா
ஒவ்வொரு நாளும் குழைக்கிறான்.